அக்கா பெட்டி கட்டுகிறாள்

ஆகஸ்ட் 6

என் சுண்டுவுக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே நானும் உன் அத்தானும் நலம். முழங்கால் மட்டும் படியேறும்போது முணுமுணுக்கிறது. நாற்பத்திரண்டு வயசாகிறதே, முணுமுணுத்துவிட்டுப் போகட்டும். நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா? போன தடவை அனுப்பிய போட்டோவில் கன்னம் ஒட்டிப்போய் இருந்தது. ஹோட்டல் மேனேஜர் என்றால் ஊரையெல்லாம் சாப்பிட வைத்துவிட்டுத் தான் பட்டினி கிடக்க வேண்டும் என்று சட்டமா?

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். நாங்கள் வருகிறோம்.

ஆஸ்பத்திரித் துணியறையில் நான் சேர்ந்து இருபத்திரண்டு வருஷம். எடுக்காத லீவு என் உயரத்துக்குச் சேர்ந்திருக்கிறது. நேற்று மேற்பார்வையாளர் அம்மா கூப்பிட்டு, "இந்த வருஷமும் நீ லீவு எடுக்கலேன்னா, அழுக்குத் துணி வண்டியில உக்கார வெச்சு நானே உன்னை வெளிய தள்ளிட்டுப் போயிடுவேன்" என்றார்கள். அத்தானின் டிரைவிங் ஸ்கூலிலும் பிப்ரவரியில் பழைய கார்களைக் கொடுத்துவிட்டுப் புதுசு வாங்குகிறார்களாம், பத்து நாள் வகுப்பு கிடையாது. பழம் நழுவிப் பாலில் விழுந்தது. பிப்ரவரி ஒன்பதாம் தேதிக்கு டிக்கெட் எடுத்தாயிற்று.

பரணிலிருந்து பெரிய பெட்டியை இறக்கித் துடைத்து, கட்டிலுக்குப் பக்கத்தில் திறந்து வைத்திருக்கிறேன். உன் பனிமலைக்கு என்னென்ன எடுத்து வர வேண்டும், எழுது. நான் பனியை ஃப்ரிட்ஜுக்குள் மட்டும்தான் பார்த்திருக்கிறேன். போனில் கேட்கலாம் என்றால், எப்போது கூப்பிட்டாலும் உன் பக்கம் ஏதோ ஒன்று கர்ரென்று இரைகிறது. கேட்டால் பனி வாரும் வண்டி என்கிறாய். ஜூலையிலுமா பனி வாருகிறார்கள்? அதனால் கடிதமே மேல்.

எனக்கு ஒரே ஒரு ஆசை. பெயர்ப்பலகை வைத்த உன் மேசைக்கு முன்னால் வந்து நின்று, "ரூம் காலியா இருக்குங்களா மேடம்?" என்று கேட்க வேண்டும். அந்த மேசையைப் போட்டோ எடுத்து வருவதாகத் துணியறையில் எல்லோரிடமும் சொல்லி வைத்துவிட்டேன். என் மானத்தைக் காப்பாற்று.

உடம்பைப் பார்த்துக்கொள். காதை மூடிக்கொண்டு வெளியே போ.

உன் அக்கா


ஆகஸ்ட் 25

அன்புள்ள அக்காவுக்கு,

சுண்டு எழுதுவது. எனக்கு ஒரு குறையும் இல்லை, கன்னம் போட்டோவில்தான் ஒட்டியிருந்தது. முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கிறாயா, இல்லை முணுமுணுக்கட்டும் என்று வீரம் பேசுவதோடு சரியா? அத்தான் தூக்கத்தில் இன்னமும் பிரேக் மிதிக்கிறாரா?

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. சந்தோஷம்தான் அக்கா. ஆனால் பிப்ரவரியா? பிப்ரவரி என்றால் இங்கே கதவைத் திறப்பதே ஒரு வேலை. சன்னல் பாதிவரை பனி ஏறி நிற்கும். சும்மா ஒரு ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு வந்து இறங்கிவிட முடியாது.

ஆளுக்கு மூன்று அடுக்குத் துணி வேண்டும். உடம்போடு ஒட்டிய கம்பளி உள்ளாடை, அதன் மேல் கனமான ஸ்வெட்டர், அதற்கும் மேல் காற்றும் ஈரமும் நுழையாத கோட்டு. கையுறை இரண்டு ஜோடி, ஒன்று நனைந்தால் மாற்ற. கணுக்காலுக்கு மேல் ஏறுகிற பூட்ஸ், அதன் அடியில் மாட்டிக்கொள்கிற இரும்பு முள், இல்லாவிட்டால் வழுக்கும். பனியில் வெயில் பட்டுக் கண் கூசும், அதற்குத் தனிக் கண்ணாடி. இதெல்லாம் உங்கள் ஊரில் கிடைக்கவே கிடைக்காது. கிடைத்தாலும் ஒரு பெட்டிக்கு இருபத்துமூன்று கிலோதான் விமானத்தில் விடுவார்கள். கீழ் ஊரிலிருந்து இங்கே வர ரோப் கார் உண்டு, காற்று அடித்தால் அது நின்றுவிடும். அப்புறம் ஆயிரத்து நூறு படி. உன் முழங்காலை நினைத்துப் பார்.

இன்னொன்று, நாலு ஜோடி செருப்பு எடுத்து வராதே. இங்கே வருகிறவர்கள் எல்லோரும் நாலு ஜோடி கொண்டுவந்து ஒன்றையே போட்டுக்கொண்டு அலைவார்கள். மற்ற மூன்றும் கட்டிலுக்கடியில் தூசி தின்று கிடக்கும், போகும்போது ஒன்றை மறந்துவிட்டும் போவார்கள்.

யோசித்து எழுது. ஜூன் என்றால் புல்லெல்லாம் பச்சையாக, பூவாக இருக்கும். ஒரு பெட்டி போதும்.

அத்தானுக்கு வணக்கம்.

உன் சுண்டு


செப்டம்பர் 12

சுண்டு,

நலம். ஒத்தடம் கொடுக்கிறேன், சத்தியமாக. அத்தான் பிரேக் மிதிப்பதை விட்டுவிட்டார், இப்போது ஹாரன் அடிக்கிறார்.

கிடைக்கவே கிடைக்காது என்று எழுதினாய் அல்லவா, அதுதான் தப்பு. உன் அத்தானிடம் "கிடைக்காது" என்று சொல்லக் கூடாது. அவரிடம் வண்டி கற்றவர்கள் இந்த ஊரில் எல்லாக் கடையிலும் இருக்கிறார்கள். கம்பளி உள்ளாடை ஒரு மாணவியின் பெரியம்மாவிடமிருந்து வந்தது. கோட்டு இரண்டும் குளிர்பதனக் கிடங்கில் வேலை செய்கிறவர் கொடுத்தது. முதுகில் பெரிய எழுத்தில் "எச்சரிக்கை: வழுக்கும்" என்று போட்டிருக்கிறது. உங்கள் ஊருக்குப் பொருத்தம்தான் என்கிறார் அத்தான். இரும்பு முள்ளும் வந்துவிட்டது. அதை மாட்டிக்கொண்டு சமையலறையில் நடந்து பழகினார். மூன்று டைல் உடைந்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை, அடுப்பங்கரைப் பக்கமே வராதீர்கள் என்று மட்டும் சொன்னேன். இரண்டு நாளாக வராந்தாவில் சாப்பிடுகிறார்.

ஆயிரத்து நூறு படிக்கும் வழி பண்ணிவிட்டேன். ஆஸ்பத்திரியில் லிஃப்டை விட்டுவிட்டுத் துணி மூட்டையோடு படியில் ஏறுகிறேன். முதல் வாரம் நாலு மாடி, இப்போது நாலு மாடி இரண்டு தடவை.

பெட்டியைத் துணியறைத் தராசில் வைத்துப் பார்த்தோம், அழுக்குத் துணி எடைபோடுகிற தராசு. இருபத்தாறு கிலோ காட்டியது. எல்லோரும் சுற்றி நின்று, அதை எடு இதை வை என்று ஆளுக்கொரு யோசனை. ஒருத்தி, "மேனேஜரோட அக்கா வர்றாங்கன்னா ரெண்டு பெட்டி இலவசமா விட மாட்டாங்களா?" என்று கேட்டாள். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

ஒரு சந்தேகம். மேனேஜரான நீ எப்போது கட்டிலுக்கடியில் குனிந்து செருப்பை எண்ணினாய்?

ஜூனில் லீவு கிடைக்காது. பிப்ரவரிதான். நீ குளிருக்குப் பயப்படாதே, நாங்கள் பயப்படவில்லை.

உன் அக்கா


அக்டோபர் 1

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா? எனக்கு லேசாக ஜலதோஷம், வந்த மாதிரியே போய்விட்டது. மலைக்கு மேலே முதல் பனி விழுந்துவிட்டது. இங்கே இன்னும் மழைதான்.

மேனேஜர் என்றால் எல்லாவற்றையும்தான் பார்க்க வேண்டும் அக்கா, கட்டிலுக்கடியையும் சேர்த்து. அது கிடக்கட்டும்.

உயரத்தில் சிலருக்கு மூச்சு முட்டும், தலை சுற்றும். டாக்டரிடம் காட்டிச் சீட்டு வாங்கிக்கொண்டீர்களா? பிப்ரவரியில் இங்கே கூட்டம் வேறு. எனக்கு உட்கார நேரம் இருக்காது. மேசைக்கு முன்னால் வந்து நின்று ரூம் கேட்பதாக எழுதினாயே, அந்த மேசையில் நான் இருப்பேனா என்பதே சந்தேகம். அங்கேயும் இங்கேயும் ஓடிக்கொண்டிருப்பேன். அவ்வளவு தூரம் வந்துவிட்டு என்னைச் சரியாகப் பார்க்காமல் திரும்பினால் உனக்கு வருத்தமாக இருக்காதா?

இருந்தாலும், நீ அந்தக் குளிர்பதனக் கோட்டை மட்டும் நம்பி வந்துவிடுவாயோ என்று பயமாக இருக்கிறது. அதனால் ஒரு பார்சல் அனுப்புகிறேன். உனக்கு ஒரு ஸ்வெட்டர், இங்கே ஒரு அம்மா கையால் பின்னியது. நிறம் உனக்குப் பிடிக்கும், நீ வேலைக்குச் சேர்ந்த புதிதில் வைத்திருந்தாயே ஒரு நீலப் புடவை, அதே நீலம். அத்தானுக்குக் காது மூடுகிற தொப்பி. ஹாரன் அவருக்கே கேட்காது.

அவசரமாக மடித்து வைத்தேன், கசங்கியிருந்தால் நீவிப் போட்டுக்கொள்.

உன் சுண்டு


அக்டோபர் 19

சுண்டுவுக்கு,

நலம். பார்சல் வந்தது. ஸ்வெட்டர் அளவு சரியாக இருக்கிறது. தொப்பியும் அத்தானுக்குச் சரி.

ஒன்றும் கசங்கவில்லை. நன்றாக மடித்திருந்தாய்.

ஜலதோஷத்தைக் கவனித்துக்கொள்.

அக்கா


நவம்பர் 8

அன்புள்ள சுண்டுவுக்கு,

அத்தான் எழுதுவது. பரீட்சைத் தாளில் கையெழுத்துப் போடுவதைத் தவிர நான் பேனாவைத் தொட்டுப் பல வருஷமாகிறது, எழுத்துப் பிழை இருந்தால் சிரித்துவிட்டு மேலே படி. உன் அக்காவுக்குத் தெரியாமல் எழுதுகிறேன். அவள் உடம்புக்கு ஒன்றுமில்லை, முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பயப்படாதே. நீ நலம்தானே?

விஷயம் இதுதான். வீட்டில் வண்டி ரிவர்ஸில் போகிறது. உன் பார்சல் வந்த அன்று சாயங்காலம் நான் வகுப்பு முடிந்து வந்தபோது, அவள் அந்த ஸ்வெட்டரைச் சாப்பாட்டு மேசையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். போட்டுப் பார் என்றேன். "மடிப்பைக் கலைக்காதீங்க" என்றாள். மூன்று நாள் அது மேசை மேலேயே இருந்தது, நாங்கள் ஓரத்தில் தட்டை வைத்துச் சாப்பிட்டோம். நாலாம் நாள் பிரித்து உடம்போடு வைத்து அளவு பார்த்துவிட்டு, மறுபடியும் அதே மாதிரி மடித்து வைத்தாள். அதற்கு அடுத்த நாள் பெட்டியில் இருந்ததையெல்லாம் எடுத்து அலமாரியில் வைத்துவிட்டாள். பூட்ஸ், முள், கண்ணாடி, அந்த வழுக்குகிற கோட்டு, எல்லாம். பெட்டி மறுபடி பரணுக்குப் போய்விட்டது.

"என்னடி, போகலையா?" என்று கேட்டேன். "கூப்பிட்டாதானே போகணும்" என்றாள். கூப்பிடாத இடத்துக்கா டிக்கெட் எடுத்தோம்? எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. துணியறையில் கூட வேலை செய்கிறவர்கள் கேட்டால் பேச்சை மாற்றுகிறாளாம். படியில் ஏறுவதையும் விட்டுவிட்டாள்.

நான் டிரைவிங் சொல்லிக் கொடுப்பவன். பக்கத்து சீட்டில் இருக்கிறவர் மனசில் என்ன ஓடுகிறது என்று ஸ்டியரிங்கைப் பிடிக்கிற விதத்திலேயே தெரிந்துவிடும். இவளிடம் அது நடக்காது. இருபது வருஷமாகக் கற்றுக்கொண்டே இருக்கிறேன், இன்னும் எல் போர்டுதான். உங்கள் இருவருக்கும் நடுவில் ஏதோ இருக்கிறது. அது என்ன என்று நான் கேட்கவில்லை. நீ அவளுக்கு ஒரு வரி எழுது, அது போதும்.

தொப்பி அருமை. வகுப்புக்கே போட்டுக்கொண்டு போகிறேன், வியர்த்து ஊற்றுகிறது.

அத்தான்


நவம்பர் 27

அக்கா,

நீயும் அத்தானும் நலமாக இருக்க வேண்டும். இந்தக் கடிதத்தைப் படித்து முடித்த பிறகும்.

அத்தான் எனக்கு எழுதினார், அவரைத் திட்டாதே. அவர் எழுதியதை நாலு நாள் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முழுப் பூசணிக்காயை மூன்று வருஷமாகச் சோற்றில் மறைத்துக்கொண்டிருக்கிறேன், இனிமேல் முடியாது.

நான் மேனேஜர் இல்லை அக்கா. ஒரு நாளும் இருந்ததில்லை. நான் வந்து இறங்குவதற்குள்ளேயே அந்த வேலைக்கு வேறு ஆளை எடுத்துவிட்டிருந்தார்கள். தப்பு அவர்கள் மேல்தான், வர வேண்டாம் என்று அனுப்பிய கடிதம் தாமதமாம். "ரூம் சுத்தம் பண்ண ஆள் வேணும், ரெண்டு மாசம் பாருங்க, அப்புறம் யோசிக்கலாம்" என்றார்கள். அப்படியே திரும்பி வந்து உன் முன்னால் நிற்க எனக்குக் கால் எழவில்லை. முதல் கடிதத்தில் மேனேஜர் என்று எழுதிவிட்டேன். அடுத்த கடிதத்தில் உண்மையைச் சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தேன். அதற்குள் துணியறையில் எல்லோருக்கும் இனிப்பு கொடுத்தேன் என்று நீ எழுதினாய். அவ்வளவுதான், வாய் அடைத்துவிட்டது.

இரண்டாவது மாடியில் பதினான்கு அறைகள் என் பொறுப்பு. கட்டில் விரிப்பு மாற்றுவது, தூசி எடுப்பது, குளியலறை தேய்ப்பது. போனில் கேட்கிற இரைச்சல் பனி வண்டி இல்லை, தூசி உறிஞ்சுகிற மெஷின். ஜூலையிலுமா என்று நீ கேட்டபோதே மாட்டிக்கொண்டேன் என்று நினைத்தேன்.

உன் வேலை கேவலம் என்று மட்டும் நான் நினைத்ததாக எண்ணிவிடாதே. அந்த விரிப்பு மூட்டைகள் மேல் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதி வளர்ந்தவள் நான். நீ என்னைப் படிக்க அனுப்பியது நான் அதையே செய்யவா என்றுதான் உறுத்தல். உன் இருபத்திரண்டு வருஷத்துக்குப் பதிலாக உன் கையில் வைக்க ஒரு பெயர்ப்பலகையாவது வேண்டும் என்று இருந்தது.

சொன்னால் நம்ப மாட்டாய், எனக்கு இந்த வேலை பிடித்திருக்கிறது. காலையில் ஒவ்வொரு அறையிலும் சன்னலைத் திறந்தால், பதினான்கு சன்னலிலும் அதே மலை பதினான்கு விதமாக நிற்கும். பொய்தான் பிடிக்கவில்லை. இங்கே அறையைச் சுத்தம் செய்த பிறகு தலையணை மேல் ஒரு அட்டை வைப்போம், "இந்த அறையைத் தயார் செய்தவர்" என்று அச்சடித்து ஒரு கோடு போட்டிருக்கும். மற்றவர்கள் அதில் பெயர் எழுதுவார்கள். நான் மூன்று வருஷமாகக் காலியாகவே விட்டு வைக்கிறேன். எழுதினால் உண்மையாகிவிடும் என்று பயம்.

நீங்கள் வர வேண்டாம் என்றுதான் அந்த லிஸ்டெல்லாம் எழுதினேன். அந்த ஆயிரத்து நூறு படியும் பொய். ரோப் கார் நின்றால் பஸ் வரும். அதை நம்பி நீ மூட்டையோடு மாடி ஏறினாய் என்று படித்த அன்று, எட்டாம் நம்பர் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

வா என்று கூப்பிட எனக்கு வாயில்லை. ஆனால் நீ வர வேண்டும் என்றுதான் இருக்கிறது.

சுண்டு


நவம்பர் 28

என் சுண்டுவுக்கு,

நலம்தானே? ரொம்ப நாளாக எழுதவில்லை. கோபமாக இருந்தேன். கோபத்தோடு எழுதினால் உனக்கு ஒரு மாதிரி, எனக்கு ஒரு மாதிரி, அதனால் ஆறட்டும் என்று விட்டேன். இப்போது ஆறிவிட்டது, அதனால் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன்.

அந்த ஸ்வெட்டரைப் பிரிக்கவே எனக்கு மனசு வரவில்லை. கையிரண்டும் பின்னால், ஓரம் எதுவும் வெளியே தெரியாமல், கீழ்ப்பக்கம் உள்ளே செருகி, கடைசி மூலையைக் கட்டைவிரல் அகலத்துக்கு உள்பக்கமாகத் திருப்பி. அது எங்கள் துணியறை மூலை. அடுக்கிலிருந்து ஒன்றை இழுத்தால் மற்றது சரியக் கூடாது என்று நாங்களாகக் கண்டுபிடித்த வழக்கம், உலகத்தில் வேறு யாரும் செய்ய மாட்டார்கள். சின்ன வயசில் மூட்டை மேல் உட்கார்ந்து நீ வேடிக்கை பார்த்துக் கற்றது. அவசரமாக மடித்தேன் என்று வேறு எழுதியிருந்தாய். மூன்று வருஷம் மேசையில் உட்கார்ந்த கைக்கு அவசரத்தில் அந்த மூலை வராது சுண்டு. தினமும் நாற்பது மடிக்கிற கைக்குத்தான் யோசிக்காமல் வரும். என் கைக்கு வருகிற மாதிரி.

அதற்கப்புறம் எல்லாம் புரிந்துவிட்டது. இரைச்சல், கட்டிலுக்கடிச் செருப்பு, ஜூன் மாதப் பூ. நீ எழுதிய லிஸ்ட், நாங்கள் வராமலிருக்க நீ போட்ட வேலி. அந்த வேலியைத்தானே நான் முள் முள்ளாகப் பொறுக்கிப் பெட்டியில் அடுக்கியிருக்கிறேன் என்று தெரிந்ததும், எல்லாவற்றையும் வெளியே எடுத்துப் போட்டேன்.

எனக்கு வலித்தது நீ என்ன வேலை செய்கிறாய் என்பது இல்லை. நான் செய்கிற அதே வேலையை வெளியே சொல்ல என் தங்கைக்கே வாய் வரவில்லையே. அப்படியானால் இத்தனை வருஷமும், உன்னை யாராவது "உன் அக்கா என்ன செய்யறாங்க?" என்று கேட்டபோதெல்லாம் நீ என்ன சொன்னாய்? இதை நினைத்து ஒரு வாரம் சாப்பாடு இறங்கவில்லை. கேட்டுவிட்டேன். பதில் எதுவானாலும் சொல்.

கோபம் எப்படி ஆறியது தெரியுமா? போன வாரம் வேலையில் விரிப்பு மடித்துக்கொண்டிருந்தேன். திடீரென்று, இந்த நேரத்துக்கு நீயும் ஒன்றை மடித்துக்கொண்டிருப்பாய் என்று தோன்றியது. மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிற சுண்டுவை எத்தனையோ தடவை மனசில் கொண்டுவரப் பார்த்திருக்கிறேன், வந்ததே இல்லை. மேசை வரும், நாற்காலி வரும், நீ வர மாட்டாய். இப்போது வந்தாய். எப்படி நிற்கிறாய், எந்த இடத்தில் இடுப்பு வலிக்கும், மோவாயில் எந்த ஓரத்தைப் பிடித்துக்கொள்வாய், எல்லாம் தெரிந்தது. மூன்று வருஷத்துக்கப்புறம் அன்றுதான் உன்னைப் பார்த்தேன்.

துணியறையில் சொல்லிவிட்டேன், "என் தங்கச்சியும் நம்ம வேலைதான்" என்று. எல்லோரும் கையிலிருந்த விரிப்பைக் கீழே வைத்தார்கள். அப்புறம் மேற்பார்வையாளர் அம்மா கேட்டார்கள், "அங்க விரிப்புக்கு என்ன துணி?" அவ்வளவுதான், ஆளுக்கொரு கேள்வி. மேனேஜராக இருந்தபோது உன்னைப் பற்றி யாரும் இத்தனை கேட்டதில்லை.

பெட்டியை மறுபடி இறக்கச் சொல்லியிருக்கிறேன். நீ வேண்டாம் என்றால் மட்டும் எழுது.

உன் அக்கா


டிசம்பர் 16

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நலம், நலம். நீங்களும்தானே?

உன் கடிதம் வந்தது. நான் எழுதியதற்குப் பதில் என்று நினைத்துப் பிரித்தேன், தேதியைப் பார்த்தால் மறுநாள் எழுதியிருக்கிறாய். என் கடிதம் அப்போது இந்த மலையைவிட்டுக் கீழே இறங்கியிருக்கவே இருக்காது. நான் சொல்லுமுன்பே உனக்குத் தெரிந்திருக்கிறது. நீ கேட்குமுன்பே நான் சொல்லியிருக்கிறேன். இரண்டு கடிதமும் வழியில் எங்கேயோ எதிரும் புதிருமாகப் போயிருக்கும், ஒன்றையொன்று பார்த்துச் சிரித்திருக்கும்.

உன் கேள்விக்குப் பதில். கல்லூரியில் கேட்டால் "ஆஸ்பத்திரியில இருக்காங்க" என்பேன். அவர்கள் நர்ஸ் என்று நினைத்துக்கொள்வார்கள், நான் திருத்த மாட்டேன். அதையும் ஒளிக்காமல் சொல்லிவிட்டேன். மன்னித்துவிடு அக்கா. போன வாரம் இங்கே புதிதாக வந்த பெண் கேட்டாள், இவ்வளவு அழகாக மடிக்க யாரிடம் கற்றாய் என்று. "எங்க அக்கா. இருபத்திரண்டு வருஷமா ஆஸ்பத்திரித் துணியறையில இருக்காங்க" என்றேன். மூலை திருப்புவதையும் காட்டினேன். இப்போது இந்த மாடி முழுக்க உன் மூலைதான்.

புது லிஸ்ட்: கம்பளி உள்ளாடை, ஸ்வெட்டர், வழுக்காத பூட்ஸ். முள் வேண்டாம். கோட்டு இங்கேயே தருவார்கள், ஆனால் அத்தான் அந்த எச்சரிக்கைக் கோட்டைப் போட்டுக்கொண்டுதான் வர வேண்டும், நான் அதைப் பார்த்தே ஆக வேண்டும்.

உங்களுக்கு என் மாடியிலேயே அறை கேட்டிருக்கிறேன். வா அக்கா.

உன் சுண்டு


ஜனவரி 10

என் சுண்டுவுக்கு,

நாங்கள் நலம். உன் இரண்டு கடிதமும் வந்தன. முதலாவதைப் படித்தபோது, கேட்ட கேள்விக்குப் பதில் ஏற்கெனவே வீட்டு வாசலில் வந்து நிற்கிற மாதிரி இருந்தது. இரண்டாவதைப் படித்தபோது கொஞ்சம் சுருக்கென்றது, இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். சின்னப் பெண்தானே அப்போது நீ. அது போயிற்று, விடு. எட்டாம் நம்பர் அறையில் அழுதாயாமே, அந்த அறையை எங்களுக்குக் கொடுக்காதே.

படியைப் பற்றி நீ பொய் சொன்னதில் ஒரு லாபம். முழங்கால் முணுமுணுப்பதை நிறுத்திவிட்டது. மறுபடி நாலு மாடி ஏறுகிறேன்.

பெட்டி கட்டியாயிற்று. மேலே ஸ்வெட்டர், அதே மடிப்பில், இங்கே யாரையும் தொட விடவில்லை. அத்தான் முள்ளைத் திருட்டுத்தனமாக வைத்திருந்தார், எடுத்துவிட்டேன், மறுபடி வைத்திருக்கிறார். அடியில் இரண்டு ஏப்ரன். துணியறையில் எல்லோரும் சேர்ந்து தைத்தது, ஆழமான பை, உனக்கு இடது கைப்பழக்கம் என்பதால் உன்னுடையதில் பை இடது பக்கம். இன்னொன்று எனக்கு. நீ பதினான்கு அறையில் ஓடிக்கொண்டிருக்கும்போது நான் மலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கவா அவ்வளவு தூரம் வருகிறேன்? பெரிய விரிப்பை ஒருத்தி மடித்தால் இடுப்பு போய்விடும். ஒரு பக்கம் நீ பிடி, ஒரு பக்கம் நான் பிடிக்கிறேன்.

தராசில் வைத்தோம். இருபத்திரண்டு கிலோ எழுநூறு. இன்னும் முந்நூறு கிராம் இடம் இருக்கிறது என்று ஆளாளுக்குச் சண்டை. நான் ஒன்றும் வைக்கவில்லை. வரும்போது கொஞ்சம் இடம் இருக்கட்டும்.

போட்டோ எடுத்து வருவதாகச் சொன்னேனே, அது மாறவில்லை. மேசையை இல்லை, உன்னை.

நேரில் மீதி.

உன் அக்கா


பிப்ரவரி 10

(அறை எண் பதினொன்று. தலையணை மேல் வைத்த அட்டை, பின்பக்கம்)

அக்கா, அத்தான்,

பிரயாணம் நல்லபடியாக இருந்ததா? ரோப் காரில் அத்தான் பிரேக் தேடினாரா? நான் மூன்று மணிக்கு வேலை முடித்து வந்துவிடுவேன். அதுவரை வெந்நீரில் குளித்துவிட்டுப் படுத்திருங்கள். சன்னலைத் திறந்து பாருங்கள், பதினான்கில் இதுதான் நல்ல மலை.

விருந்தாளிகள் ஏப்ரன் கட்டக் கூடாது என்று இங்கே விதி இருக்கிறது. நாளை காலை எட்டு மணிக்கு எடுத்து வா.

அக்கா, விரிப்பின் நாலு மூலையையும் இழுத்துப் பார்க்காதே. பார்ப்பாய், எனக்குத் தெரியும். இறுக்கமாகத்தான் இருக்கிறது.

(முன்பக்கம்)

இந்த அறையைத் தயார் செய்தவர்: உன் தங்கை சுண்டு